இரண்டு தட்டு, பிறகு ஒன்று

கேபிளைக் கழற்றிய பிறகும் ஹார்ட் டிஸ்க் தட்டிக்கொண்டிருந்தது.

வாலு கையிலிருந்த கேபிளைப் பார்த்தாள், திறந்து கிடந்த கம்ப்யூட்டர் பெட்டிக்குள் டிஸ்க்கைப் பார்த்தாள். அதற்குக் கரண்ட் வர வேறு வழியே கிடையாது. இருந்தாலும் உள்ளேயிருந்து யாரோ நகத்தால் தட்டுவது போல டக், டக் என்று கேட்டது. கொஞ்சம் விட்டு இன்னொரு டக். அவள் விரலை வைத்ததும் நின்றுவிட்டது. டிஸ்க் இளஞ்சூடாக இருந்தது. சுற்றிக்கொண்டிருந்த தகடு அடங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கத்தானே செய்யும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தக் கம்ப்யூட்டரை இன்று இன்னும் போடவே இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

வாலு என்பது அண்ணன் வைத்த பெயர். சின்ன வயதில் செய்த சேட்டைக்கு வைத்தது, தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் போகவில்லை. அண்ணனும் தங்கையுமாகக் கடை வைத்து, செத்துப்போன டிஸ்க்குகளிலிருந்து மற்றவர்களின் கல்யாணப் படங்களையும் கணக்கு வழக்குகளையும் மீட்டுக் கொடுப்பதுதான் பிழைப்பு. அந்த அண்ணன் காணாமல் போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. அவன் வீட்டில் இந்த அறையில்தான், இந்த நாற்காலியில்தான், யாரோ ஒரு வாடிக்கையாளரின் டிஸ்க்கை நோண்டிக்கொண்டிருந்தான். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, போலீஸ் வந்து கதவை உடைத்தபோது நாற்காலி மட்டும் இருந்தது. ஜன்னல் கம்பி ஒன்றுகூட அசையவில்லை. தாழ்ப்பாள் பழசு, இழுத்துச் சாத்தினால் தானே விழும், ஆள் எங்கேயோ ஓடிப்போய்விட்டான் என்று போலீஸ்காரர் முடித்துவிட்டார்.

"ஓடிப்போறவர் செருப்பைப் போடாமலா போவாரு?" என்று அண்ணி அன்றைக்குக் கேட்டாள். அவள் கேட்காத ஆள் இல்லை.

அன்றிலிருந்து இந்தக் கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லை. போட்டால் கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு கண் சிமிட்டும், அவ்வளவுதான். கடைக்கு எடுத்துக்கொண்டு போகிறேன் என்று வாலு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து அது நகரக்கூடாது என்று அண்ணி ஒரே பிடியாக நின்றுவிட்டாள். அதனால்தான் இந்த மழைப் பகலில், பையில் ஒரு காலி டிஸ்க்கும் ஒரு பென் டிரைவும் போட்டுக்கொண்டு வாலுவே வந்திருக்கிறாள்.

"வந்துடுமா, வாலு?" அண்ணி வாசற்படியில் நின்றபடியே கேட்டாள். அந்த அறைக்குள் அவள் காலெடுத்து வைப்பதில்லை.

"டிஸ்க்குல உயிர் இருந்தா வந்துடும் அண்ணி. மனசை விட்டுடாதீங்க."

"நல்லதோ கெட்டதோ, தெரிஞ்சாப் போதும். எங்க இருக்காருன்னு தெரியாம இருக்கறதுதான் என்னைக் கொல்லுது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உடைச்சதுலேருந்து கதவு காத்துல அடிச்சுக்கிட்டே கிடக்கு. வெளியில கொண்டி மாட்டிவிடறேன். வேணும்னா ஒரு குரல் கொடு, டீ கொண்டாரேன்."

கொண்டி விழுந்தது. சின்ன அறை, மேஜை, நாற்காலி, சுவரோரமாக இரும்பு பீரோ. சாத்தியதும் உள்ளே இருந்த வாசனையெல்லாம் கிளம்பி வந்தது: ஈயப்பற்றின் புகைவாசம், மழையில் ஊறிய சுண்ணாம்பு, நாற்காலி முதுகில் இன்னும் தொங்கும் அண்ணனின் சட்டையிலிருந்து அவன் வியர்வை. பீரோ நிறையச் செத்த டிஸ்க்குகள். ஒன்றையும் தூக்கிப் போட மாட்டான், உதிரிக்கு ஆகும் என்பான். சுடுகாடு மாதிரி வெச்சிருக்கியே என்று வாலு ஒருநாள் கேலி செய்ததற்கு, "சுடுகாடுன்னு சொல்லாதே, ஆஸ்பத்திரின்னு சொல்லு," என்று முறைத்தான்.

கேபிளை மறுபடி மாட்டி, பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பினாள்.

அவளுக்கு இது பழகிய வேலை. ஒரு டிஸ்க்கை உள்ளுக்குள் பல பார்ட்டிஷன்களாகப் பிரித்து வைத்திருப்பார்கள், ஒரே வீட்டில் பல அறைகள் மாதிரி. எந்த அறை எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்கிற விவரம் டிஸ்க்கின் முதல் ஓரத்தில் இருக்கும். அது அழிந்துபோனால் கம்ப்யூட்டருக்கு வாசல் தெரியாது. அறையும், அதற்குள் இருப்பதும் இருந்த இடத்திலேயேதான் இருக்கும். தேடிப் பிடித்து, வாசலை மறுபடி எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று உண்டு. "அசல்ல கை வைக்காதே. நகல் எடு, அப்புறம் நகல்ல எந்தக் கூத்து வேணும்னாலும் அடி." தொழிலுக்கு வந்த முதல் நாளே அண்ணன் காதைப் பிடித்துச் சொன்ன விஷயம். இத்தனை வருஷத்தில் அவள் அதை மீறியதே இல்லை.

நகல் எடுக்கப் போட்டாள். பாதி வழியில் டிஸ்க் தட்டியது. டக், டக். டக். நகல் நின்றுபோனது. மறுபடி போட்டாள். அதே இடத்தில், அதே மாதிரி, தட்டி நிறுத்தியது. கெட்டுப்போன டிஸ்க் தட்டும், அவளுக்குத் தெரியாததா? தகட்டைப் படிக்கிற தலை சிக்கிக்கொண்டால் கடிகாரம் மாதிரி ஒரே சீராகத் தட்டும். இப்படி இரண்டு தட்டி, மூச்சு விட்டு, ஒன்று தட்டாது.

இன்னொரு தடவை போட்டாள். அப்போதுதான் அந்தத் தட்டு பிடிபட்டது.

சின்ன வயதில் அண்ணனும் அவளும் பக்கத்துப் பக்கத்து அறையில் படுப்பார்கள், நடுவில் மெல்லிய சுவர். விளக்கை அணைத்த பிறகு அண்ணன் சுவரில் தட்டுவான். இரண்டு தட்டு, பிறகு ஒன்று. முழிச்சிருக்கியா என்று அர்த்தம். அவள் ஒரே ஒரு தட்டு தட்டினால், முழிச்சிருக்கேன். உலகத்தில் வேறு யாருக்கும் அது தெரியாது.

சீ, என்ன பைத்தியக்காரத்தனம் என்று முனகிக்கொண்டே, விரல் மடக்கி மேஜையில் ஒரு தட்டு தட்டினாள்.

டிஸ்க் அமைதியாகிவிட்டது. மழைச் சத்தம் மட்டும். பிறகு வெறி பிடித்த மாதிரி படபடவென்று தட்ட ஆரம்பித்தது. மேஜை அதிர, பெட்டியிலிருந்து கழற்றி வைத்திருந்த திருகாணிகள் உருண்டோடித் தரையில் விழுந்தன.

நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கதவுக்கு ஓடினாள். "அண்ணி! அண்ணி, கொண்டியை எடுங்க!" இரண்டு கையாலும் கதவைக் குத்தினாள். பின்பக்கம் தண்ணீர் மோட்டார் கத்திக்கொண்டிருந்தது. மழை வேறு. தன் குரல் தனக்கே சரியாகக் கேட்கவில்லை. கதவோடு முதுகை ஒட்டிக்கொண்டு திரும்பியபோது, அவள் இன்னும் தொடங்காத பார்ட்டிஷன் தேடல் தானாகவே ஓடி முடிந்து, திரையில் முடிவு வந்திருந்தது.

இரண்டு பார்ட்டிஷன்கள். முதலாவது அவளுக்குத் தெரிந்தது, அண்ணனின் வேலைக் கோப்புகள் இருந்த இடம். இரண்டாவதற்குப் பெயர் இல்லை. முதலாவது எங்கே இருந்ததோ, அதே இடத்தின் மேலேயே அதுவும் உட்கார்ந்திருந்தது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். ஒன்றை மீட்டால் இன்னொன்று போய்விடும்.

பயத்தை விட ஆசை பெரியதாக இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தாள். பெயரில்லாத பார்ட்டிஷனைத் திறந்து எட்டிப் பார்த்தாள். முழுக்க ஒலிக் கோப்புகள். எல்லாமே அண்ணன் போன பிறகு, இந்தக் கம்ப்யூட்டர் செத்துக் கிடந்த நாட்களில் பதிவானவை. ஹெட்போனை மாட்டினாள்.

கதவு உடையும் சத்தம். போலீஸ்காரர் இருமுவது. "செருப்பைப் போடாமலா போவாரு?" அண்ணியின் குரல், சுவருக்கு அப்பாலிருந்து கேட்பது போல அமுங்கி. அடுத்ததைத் திறந்தாள், இதே அறைக்கு வெளியே அண்ணி கதவில் சாய்ந்து அழுகிறாள். அடுத்தது, வெறும் மின்விசிறி. எல்லாவற்றுக்கும் அடியில், விடாமல், இரண்டு தட்டு, பிறகு ஒன்று. அதற்குப் பின்னால் எங்கேயோ தூரத்தில், மெல்லிசாக, ஒற்றைத் தட்டுகளும் கேட்டன. எதிரொலி என்று நினைத்தாள்.

கடைசிக் கோப்பு வளர்ந்துகொண்டே இருந்தது. அவள் பார்க்கப் பார்க்க.

திறந்தாள். மழை. தண்ணீர் மோட்டார். நாற்காலி கிறீச்சிடுவது. யாரோ வேகமாக மூச்சு வாங்குவது. அவள் மூச்சை அடக்கினாள். ஹெட்போனில் அந்த மூச்சும் அடங்கியது.

"அண்ணா?" என்றாள்.

"அண்ணா?" என்று ஹெட்போனில் அவள் குரலே கேட்டது. பிறகு அவன் குரல். வறண்டு, தேய்ந்து, ஆனால் அவனேதான்.

"வாலு. வாசலை எழுதிடு."

"அண்ணா, நகல் எடுக்காம எப்படி..."

"நகல் வேணாம். அசல்லயே எழுது. மூச்சு முட்டுதும்மா. சீக்கிரம்."

அசலில் கை வைக்காதே என்று காதைப் பிடித்தவன் சொல்கிறான். அது அவள் மண்டையில் உறைக்கத்தான் செய்தது. ஆனால் கூடப் பிறந்தவன் உள்ளே கிடந்து மூச்சு முட்டுது என்னும்போது யார் விதியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? இரண்டு மாதம். இருட்டில். தட்டித் தட்டி. அழுகை பீறிட்டது. பெயரில்லாத பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்தாள்.

எழுதவா என்று திரை கேட்டது.

எழுது.

நிச்சயமாகவா?

அழுத்தினாள்.

மழை நின்றது. இல்லை. மழை தூரம் போனது. சுவருக்கு அப்பால். கையை எடுக்கப் பார்த்தாள். கை இல்லை. கண்ணைத் திறந்தாள். திறந்தது மாதிரியே இல்லை. வெளிச்சமும் இல்லை, இருட்டும் இல்லை. உட்காரவில்லை, நிற்கவில்லை. நெருக்கம் மட்டும். எல்லாப் பக்கமும்.

வெளியே நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ இருமினார்கள். நீளமாக, ஆசையாக மூச்சை இழுத்து விட்டார்கள்.

அண்ணா, என்று கத்தினாள். டக் என்று கேட்டது.

கொண்டி விலகும் சத்தம். "வாலு, கூப்பிட்டியா? மோட்டார் சத்தத்துல..." டம்ளர் விழுந்து உருண்டது. பிறகு அண்ணியின் அலறல், அது அழுகையாகி, அழுகை சிரிப்பாகி. "எங்க போனீங்க? எங்கதான் போனீங்க?"

"இங்கதான்," என்றான் அண்ணன். "இங்கதான் இருந்தேன்."

வெகுநேரம் அழுகைதான். வாலு காத்திருந்தாள். எப்படியும் கேட்பார்கள்.

"வாலு எங்க?" என்றாள் அண்ணி.

தட்டினாள். இரண்டு தட்டு, பிறகு ஒன்று. அவனுக்குக் கேட்காமல் இருக்காது. அவன் கற்றுக்கொடுத்ததுதானே.

"கிளம்பிட்டா," என்றான் அண்ணன்.

"நான்தானே வெளியில கொண்டி போட்டேன்?" அண்ணியின் குரல் இறங்கியது. "அவ செருப்பு வாசல்லயே கிடக்கே."

"மறந்துட்டுப் போயிருப்பா."

வாலு தட்டினாள். தட்டினாள். அண்ணியிடமிருந்து அடுத்த கேள்வி வரும் என்று உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அண்ணி கேட்கவில்லை.

"அது ஏன் அப்படிச் சத்தம் போடுது?" என்று மட்டும் கொஞ்சம் கழித்துக் கேட்டாள்.

"கெட்டுப்போன டிஸ்க்கு. அப்படித்தான் தட்டும். நீ போய்த் தண்ணி கொண்டா."

காலடிகள் போயின. அவன் மூச்சு பக்கத்தில் வந்தது. மிகப் பக்கத்தில்.

"நகல் எடுக்கவிடாம நான்தான் கெடுத்தேன்," என்று கிசுகிசுத்தான். அழுதுகொண்டிருந்தான். "மன்னிச்சுடு, வாலு. இன்னொரு தடவை அங்க போக என்னால முடியாதும்மா."

திருகாணி கழன்றது. அடுத்தது. அடுத்தது. கேபிள் இழுபட்டது. அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். பீரோவின் இரும்புக் கதவு முனகித் திறந்தது. அடுக்கில் இரும்போடு இரும்பு உரசியது. கதவு சாத்தியது. சாவி திரும்பியது.

மழையும் இல்லை. குரலும் இல்லை. ஒன்றுமே இல்லை.

வாலு தட்டினாள். இரண்டு தட்டு, பிறகு ஒன்று.

பக்கத்திலிருந்து, மிக அருகில், ஒரே ஒரு தட்டு.

பிறகு கீழ் அடுக்கிலிருந்து ஒன்று. மேலிருந்து ஒன்று. பீரோ முழுக்க, ஒவ்வொன்றாக.