கிரைண்டர் ஓடும் நேரம்

பதினோரு மணிக்கு மேல்வீட்டில் கிரைண்டர் ஓடத் தொடங்கியது. அரைத்த மாவு வாசலுக்கே வந்துவிடும் காலத்தில் தினமும் அப்படி என்னதான் அரைக்கிறார்களோ என்று குயிலி நினைத்துக்கொண்டாள்.

"சட்னி போதுமா கண்ணு?" என்றாள் அம்மா செண்பகம்.

சட்னியைப் பற்றிக் கேட்கலாம். தூக்கத்தைப் பற்றிக்கூடக் கேட்கலாம். படிப்போ வேலையோ இல்லாத இளையவர்களிடம் 'இப்ப என்ன பண்ணீட்டிருக்கற?' என்று மட்டும் கேட்கக் கூடாது. அந்தக் கேள்விக்கு நொறுங்கிப்போனவர்கள் பெருகிய பிறகு, அரசு நல்லெண்ணத்தோடுதான் சட்டம் போட்டது. ஒவ்வொரு கூரையிலும் பொத்தான் அளவில் ஒரு செவியி. சென்சார் என்றும் சொல்வார்கள். மூன்று முறை அதில் சிக்கினால், பிள்ளையை ஒரு வருடம் அமைதி இல்லத்துக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். இங்கே அப்பா ஒருமுறை கேட்டுவிட்டார், விருந்துக்கு வந்த அத்தை ஒருமுறை.

அதன்பின் இரண்டு வருடமாக யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. முதலில் குயிலிக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நாளாக நாளாக, கேட்க ஆளில்லாதவளுக்குச் சொல்லவும் ஒன்றுமில்லாமல் போனது. தானாகச் சொன்னால் மன்னிப்புக் கேட்பது போலிருக்கும்.

"அம்மா, என்னையக் கைவிட்டுட்ட இல்ல?" என்றாள் தட்டைப் பார்த்தபடி.

செண்பகத்தின் கை நின்றது. நிமிர்ந்து செவியியைப் பார்த்தாள். பிறகு பரணிலிருந்து பழைய கிரைண்டரை இறக்கி, அரிசி போடாமல் இரண்டு சொம்புத் தண்ணீர் மட்டும் ஊற்றி ஓட விட்டாள். வீடே அதிர்ந்தது. மகளின் காதோடு வாய் வைத்தாள்.

"இப்ப என்ன பண்ணீட்டிருக்கற கண்ணு?"

குயிலி அண்ணாந்து பார்த்தாள். கூரையில் செவியியின் பச்சை விளக்கு சிவப்பாக மாறவில்லை.

"ஒண்ணும் பண்ணலம்மா."

"செரி. ஒண்ணும் பண்ணாம இருக்கறது எப்படி இருக்குது?"

இதை யாரும் அவளிடம் கேட்டதே இல்லை. நேர்முகத் தேர்வுக்குப் போய் வாசலோடு திரும்பியதை, பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதை, தோன்றிய வரிசையில் சொன்னாள்.

"இந்தக் கிரைண்டர் வித்தைய யாரு சொல்லிக் குடுத்தாங்க உனக்கு?" என்று கேட்டாள் குயிலி.

"மேல்வீட்டக்கா. அவங்க மகன் நாலு வருசமா வீட்டோடதான். போன மாசமே சொன்னாங்க. உன்னையக் கூட்டீட்டுப் போயிருவாங்களோன்னு எனக்குத்தான் தைரியம் வரல."

மேலே கிரைண்டர் நின்றது. செண்பகம் இன்னொரு சொம்புத் தண்ணீர் ஊற்றினாள்.

"நீ சொல்லு," என்றாள்.