கடுப்பு என்றால் கோபம்

மருந்து ஆரம்பித்த நாலாவது நாளே பாண்டிச்செல்விக்குக் கணுக்கால் இரண்டும் கடுக்க ஆரம்பித்துவிட்டன. விரல் நுனியெல்லாம் மிளகாய் அரைத்த கை மாதிரி எரிந்தது. சிறுநீர்த் தொற்றுக்காக மணிக்கட்டில் பூட்டியிருந்த மருந்துக்காப்பு மட்டும் காலையும் மாலையும் தவறாமல் ஊசி இறக்கியது. மொத்தம் பத்து நாள். ஜனங்கள் பாதியில் மருந்தை நிறுத்தி நிறுத்திக் கிருமிகளுக்குக் குளிர்விட்டுப் போனதால் அரசாங்கம் செய்த ஏற்பாடு அது. கழற்ற வேண்டுமானால், நோயாளி சொல்வதைக் கேட்டு முடிவு செய்யும் இயந்திரமான நோய்கேளி சம்மதிக்க வேண்டும்.

தெருமுனையிலிருந்த நோய்கேளிக் கூண்டுக்குள், கணவன் மாயழகு தாங்கிப் பிடிக்க, நின்றாள்.

“கால் ஒரே கடுப்பா இருக்குய்யா. கையெல்லாம் எரிச்சல். முட்டில உளைச்சல். மருந்து ஒத்துக்கல.”

“புரிகிறது,” என்றது நோய்கேளி, குழைவாக. “கடுப்பும் எரிச்சலும் கோபம். உளைச்சல் மனக்கவலை. மூச்சை மெல்ல இழுத்து விடுங்கள். மருந்து தொடரும்.”

“கோவத்தையா சொல்றா? நரம்பு போகுதுங்கிறா!” என்று மாயழகு கத்தினான்.

“விடுங்க. தப்பு எம்மேலதான்.”

அவளுக்கு அவமானமாக இருந்தது. எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று பிரித்துப் போட்டு நோய்கேளிக்குத் தமிழ் கற்றுக்கொடுத்த சொற்பிரிப்பாளர்களில், இளவயதில் அவளும் ஒருத்தி. ‘கடுப்பு’, ‘எரிச்சல்’ இரண்டும் வந்தபோது, மேலாளரை நினைத்துக்கொண்டு ‘கோபம்’ என்று போட்டவள் அவளேதான். அந்த வயதில் அவளுக்குக் கால் எங்கே கடுத்தது?

“‘வலி’ன்னு சொல்லிப் பாரு, செல்வி.”

சொன்னாள்.

“வலிக்கு ஒத்தடம் கொடுங்கள். நரம்புக் கோளாறு என்றால்தான் காப்பு திறக்கும். அதற்குத் தீப்பட்டது போன்ற உணர்வு இருக்க வேண்டும்.”

“அந்த எரிச்சல்தான்யா இருக்கு!”

“கோபம் குறித்துக்கொள்ளப்பட்டது.”

பாண்டிச்செல்விக்கு அழுகை முட்டியது. “நீ படிச்ச சொல்லே தப்பு. அதைத் திருத்தணும்.”

“திருத்த மனு ஏற்கப்பட்டது. இந்தச் சொல்லைப் பிரித்தவருக்கே அனுப்பியிருக்கிறேன்.”

அவள் கைப்பேசி கிணுகிணுத்தது. பிழைத்தோம் என்று மாயழகு சிரித்தேவிட்டான். எரியும் விரலால் அவள் திரையைத் தொட்டாள்.

‘வணக்கம், பாண்டிச்செல்வி. இன்று நீங்கள் மூன்று முறை கோபப்பட்டிருக்கிறீர்கள். கோபத்தில் இருப்பவர்கள் சொற்களைத் திருத்த அனுமதி இல்லை. ஆறு நாள் கழித்து வாருங்கள்.’

மாயழகு காப்பைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். அசையவில்லை.

“அன்னைக்கு இந்த விரல் மடங்குமாங்க?” என்று கேட்டாள்.

அவன் வாயைத் திறப்பதற்குள் காப்பு மாலை மருந்தை இறக்கியது.