பச்சை ரப்பரும் சிவப்பு நாற்காலியும்

"ஐயோ... போச்சே! எல்லாம் போச்சே!"

ஜவுளிக்கடை முதலாளியின் அலறலில் தெருவே எட்டிப் பார்த்தது.

இன்ஸ்பெக்டர் அம்மா மாடிக்கு ஓடி வந்தார். பின்னாலேயே மூச்சிரைக்க கான்ஸ்டபிள்.

சுவரில் படம் பத்திரமாக இருந்தது. ஒரு சிவப்பு நாற்காலி. காலி நாற்காலி. அவ்வளவுதான்.

"படம் இருக்கே சார்?"

"படம் யாருக்கும்மா வேணும்? கையெழுத்து எங்கே?"

கான்ஸ்டபிள் திருதிருவென்று விழித்தார்.

விஷயம் இதுதான். ஓவியர் அச்சடித்தது ஐந்தே பிரதிகள். அப்புறம் அச்சுத் தகட்டைத் தன் கையாலேயே கீறிப் போட்டுவிட்டார். ஒவ்வொரு பிரதியின் அடியிலும் அவர் கையெழுத்து, பிரதியின் எண்... பென்சிலால்! அந்தத் தொழிலில் அதுதான் வழக்கம். போன வருடம் மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். கையெழுத்து இருந்தால் பங்களா விலை. இல்லாவிட்டால்... வெறும் காலண்டர்!

அதை யாரோ ரப்பரால் சுத்தமாக அழித்திருந்தார்கள்.

"நாலாவது வீடு மேடம்..." கான்ஸ்டபிள் தரையில் குனிந்து பச்சைத் துகள்களைப் பொறுக்கினார். "நாலு வீட்டுலயும் இதே பச்சை ரப்பர்தான். பூட்டு உடையல. விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போயிருக்கான்!"

"மிச்சம் இருக்கற ஒண்ணு யார்கிட்ட?"

"பல் டாக்டர்கிட்ட."

"வண்டிய எடுங்க!"

பல் டாக்டர் வாசலிலேயே நின்றிருந்தார். முகத்தில் கல்யாணக் களை.

"வாங்க மேடம்! கேள்விப்பட்டேன். பயத்துல தூக்கமே இல்ல. கிளினிக்கை வித்து வாங்கின படமாச்சே! இப்போ உலகத்துலயே கையெழுத்தோட இருக்கறது என்னோடது மட்டும்தான். சாயந்திரம் ஒருத்தர் வர்றார். கேட்ட விலை குடுப்பார்!"

"அந்த நாற்காலிக்கு என்ன டாக்டர் அர்த்தம்?" என்று கேட்டுக்கொண்டே கான்ஸ்டபிள் அவர் பின்னால் ஹாலுக்குள் நுழைந்தார்.

"விலைதான்யா அர்த்தம்!"

"உட்கார்ந்திருந்தவர் எழுந்து போயிட்டார்... அதான் அர்த்தம்." டாக்டரின் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். "தினமும் பார்க்கறேன். விக்கப் போறாரேன்னு வயிறு எரியுது."

"நீ சும்மா இரு! படத்தைக் கொண்டு வா."

கொண்டு வந்தாள்.

நாற்காலி பளிச்சென்று இருந்தது. அதன் கீழே... வெள்ளை வெளேர்!

டாக்டர் பக்கத்திலிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "கை... கையெழுத்து?"

"அந்தக் கிறுக்கலா? வாங்கறவர் வர்றார், சட்டத்தைக் கழட்டி நல்லாத் தொடைச்சு வைன்னு நீங்கதானே சொன்னீங்க? நீங்க எழுதற மருந்துச் சீட்டு மாதிரி கீழே என்னமோ பென்சில்ல கிறுக்கியிருந்துச்சு. துணியால தொடைச்சா போகல. நல்லவேளை, உங்க கோட்டுப் பையில இது கிடைச்சுது!"

கையை நீட்டினாள்.

பச்சை ரப்பர்! பாதி தேய்ந்திருந்தது!

"அடிப்பாவி! நாலு வீட்டுல உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நான் அழிச்சதெல்லாம்..."

சட்டென்று வாயைப் பொத்தினார். டூ லேட்!

"விருந்து விருந்துன்னு என்னை நாலு வீட்டுக்கும் கூட்டிட்டுப் போனது இதுக்குத்தானா?" மனைவியின் கண்கள் நெருப்பாயின. பிறகு இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள். "மேடம், இந்தப் படத்தை இனி யாரும் வாங்க மாட்டாங்களா?"

"சும்மா குடுத்தாலும் வாங்க மாட்டாங்க."

"அப்பாடா! அப்போ இங்கேயே இருக்கட்டும்."

அவள் படத்தைச் சுவரில் மாட்டினாள். டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். கான்ஸ்டபிள் விலங்கை மாட்டினார்.

இன்ஸ்பெக்டர் வாக்குமூலத் தாளை நீட்டினார்.

"கையெழுத்துப் போடுங்க டாக்டர்... பேனாவுல!"