ஜன்னலோரக் கட்டிலின் ரத்தம்

காலையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குள் வந்த பெண்ணின் ஒரு கையில் துணிப்பை, மறு கையில் இரண்டு தாள்கள்.

"என் வீட்டுக்காரருக்கு வைரஸ் காய்ச்சல், ஆறாம் நாள். ரத்தம் தேறிடுச்சு, கூட்டிட்டுப் போங்கங்கறாங்க. ஆனா மூச்சு வாங்குது மேடம். காத்துக்காக நேத்து சாயங்காலம் ஜன்னலோரத்துக்காரரோட கட்டில் மாத்திக்கிட்டும் அடங்கல."

அவசரக்குடுக்கை என்று பெயரெடுத்த டெக்னீஷியன் தாள்களைப் பிடுங்கினார். இரண்டு பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்தும் அந்தப் பெயர் போகவில்லை.

"லிம்போசைட் வெள்ளையணு நேத்து எட்டு சதவீதம், இன்னைக்கு முப்பது! இருபதைத் தாண்டினாலே தேறினாப்பல. பிழைச்சாரும்மா."

மேஜைக்குப் பின்னாலிருந்த தலைமை மருத்துவரம்மா நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார்.

"வெள்ளையணு இருக்கட்டும். சிவப்பணுவோட சராசரிப் பருமன் என்ன?"

"நேத்து எழுபது, இன்னைக்குத் தொண்ணூத்தொண்ணு."

"சிவப்பணுவுக்கு ஆயுசு நாலு மாசம். ஒரே நாள்ல அத்தனையும் பெருத்துடுமா?"

டெக்னீஷியனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அடக் கடவுளே! இது இவர் ரத்தமே இல்ல!"

விழுந்தடித்துப் பதிவேட்டைப் புரட்டினார். ஜன்னலோரம் முன்பு படுத்திருந்தவருக்கு நேற்று தொண்ணூறு, இன்று எழுபது. லிம்போசைட் வெறும் ஆறு.

எல்லோரும் வார்டுக்கு விரைந்தார்கள். கட்டில் மாற்றிக்கொடுத்தவர் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். "கல்லுக்குண்டாட்டம் இருக்கேன், என்னைத் தீவிர சிகிச்சைக்குத் தள்ளப் பாக்கறாங்க!"

மருத்துவரம்மா நர்ஸிடம் திரும்பினார். "குழாய்ல பேர்ச்சீட்டு எப்போ ஒட்டினே?"

"முன்னாடியே, கட்டில் வரிசைப்படி."

"பேரைக் கேட்டியா?"

நர்ஸின் முகம் வாடியது. "ரெண்டு பேரும் தூங்கிட்டிருந்தாங்க. எழுப்ப மனசு வரல மேடம்."

"கட்டில் மாறினது உனக்குத் தெரியல. இந்தம்மா வீட்டுக்காரர் ரத்தம் அவர் பேர்லயும், அவர் ரத்தம் இவர் பேர்லயும் போயிடுச்சு. லிம்போசைட் இப்படிச் சரிஞ்சு, இன்னொரு வெள்ளையணுவான நியூட்ரோஃபில் ஏறினா, நோய் முத்துதுன்னு அறிகுறி. மறுபடி ரத்தம் எடுங்க. அதுக்காகக் காத்திருக்காம உடனே ஆக்ஸிஜன் வைங்க."

துணிப்பையை மார்போடு அணைத்தபடி அந்தப் பெண் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வண்டிக்குச் சொல்லிட்டேனே... கூட்டிட்டுப் போயிருந்தா?" என்று விம்மினாள்.

அடுத்த எட்டு நாளும் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து அவள் கணவரின் ரத்தம் வந்துகொண்டிருந்தது. எண்கள் ஏறவும் இறங்கவுமாக இருந்தன.

ஒன்பதாம் நாள் டெக்னீஷியன் அவசரப்படவில்லை. முதலில் சிவப்பணுவின் பருமனைப் பார்த்தார். எழுபது. அவரேதான். பிறகுதான் லிம்போசைட்டுக்குக் கண்ணை நகர்த்தினார்.

"இருபத்தாறு!" என்று கத்திக்கொண்டே, செருப்பைக்கூடப் போடாமல் அந்தப் பெண்ணைத் தேடி ஓடினார்.