சிகுசாவின் தோட்டத்து ஈ

இரண்டு நாள் ஆல்கஹாலில் ஊறிக் கிடந்த ஈ, நுண்ணோக்கிக்கு அடியில் காலை மடக்கியது.

ஃபுமினோ கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். எள்ளில் பாதி அளவுகூட இல்லாத கூன்முதுகு ஈ, மஞ்சள் கால்களோடு செத்துத்தான் கிடந்தது. பிரமை. ஆனால் வயிற்றெரிச்சல் பிரமை இல்லை. இதுவும் புது இனம், இதுவும் சிகுசாவின் தோட்டத்தில் விழுந்தது.

ஜப்பானின் கனசாவா நகரத்து வீட்டுத் தோட்டங்களில் வலைக்கூடாரம் கட்டி, அதன் உச்சியிலுள்ள புட்டியில் விழும் ஈக்களை இனம் பிரிப்பதுதான் ஆய்வகத்தில் ஃபுமினோ, சிகுசா இருவருக்கும் வேலை. புது ஈ யார் வீட்டுத் தோட்டத்தில் கிடைக்கிறதோ அவர் பெயரையே அதற்குச் சூட்டுவது ஆய்வகத்தின் வழக்கம். ஃபுமினோ தன் தோட்டத்திலும் பல வருடங்களாகக் கூடாரம் கட்டிப் பார்த்துவிட்டாள். சாக்கடை ஈயைத் தவிர எதுவும் எட்டிப் பார்த்ததில்லை. போன மாதம் வேலைக்கு வந்த சிகுசாவுக்கோ புது இனமாகக் கொட்டுகிறது.

"எங்க வீட்டுக்கு மட்டும் எதுக்கு வருதுன்னே தெரியலக்கா," என்றாள் சிகுசா. மழைக்காலப் புழுக்கத்திலும் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தாள், ஓயாமல் சொறிந்துகொண்டே இருந்தாள். "வேணும்னா நீங்களே வெச்சுக்கோங்க."

"பிச்சை போடுற அளவுக்கு வந்துட்டியாம்மா?" ஃபுமினோ சிரித்துக்கொண்டே கேட்டாள். உள்ளே பற்றி எரிந்தது.

அன்று மாலை சிகுசா ஆய்வகத்தில் இருக்கும்போதே, ஃபுமினோ அவள் வீட்டுக் கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். தூறல் ஹைட்ரேஞ்சா பூச்செடியின் இலைகளில் சொட்டிக்கொண்டிருந்தது, ஈரமண் வாசனைக்கு அடியில் அழுகிய பழம் மாதிரி ஒரு இனிப்பு நெடி மூக்கைப் பிடித்தது, எங்கிருந்தோ மெல்லிய ரீங்காரம் நிற்காமல் கேட்டது. ஆனால் கூடாரத்தின் பக்கம் ஒரு ஈகூட இல்லை. கொடியில் எடுக்க மறந்து நனைந்து தொங்கிய சிகுசாவின் வெள்ளைச் சட்டையில், காலர் மட்டும் கறுப்பாக இருந்தது.

ஃபுமினோ கூடாரத்துப் புட்டியைக் கழற்றி, தான் கொண்டுவந்த காலிப் புட்டியை மாட்டினாள். திரும்பியபோது காலர் வெளுத்திருந்தது. ரீங்காரம் அவள் காதருகே வந்திருந்தது.

வீடு வந்து, திருடிய புட்டியைத் தன் கூடாரத்தில் மாட்டிவிட்டுக் கைகழுவும்போது போன் அடித்தது.

"அக்கா, நீங்கதான் எடுத்தீங்கன்னு தெரியும்," என்றாள் சிகுசா. குரலில் கோபமே இல்லை. "இன்னிக்குத்தான் எனக்கு அரிப்பு நின்னுச்சு. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

போன் வைக்கப்பட்டது. ஃபுமினோவுக்கு முழங்கை அரித்தது. அப்புறம் கழுத்து. அப்புறம் காதின் பின்புறம்.

விளக்கைப் போட்டாள். மணிக்கட்டில் ஒரு மேடு. கடுகளவு. அழுத்தினாள்.

நகர்ந்தது.

வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கையை வீட்டு மேசையிலிருந்த நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தாள். தோல் வெடித்தது. முதலில் தலை. பிறகு கூன். பிறகு மஞ்சள் கால்கள். ஈரச் சிறகை உதறிக்கொண்டு அது அவள் கையிலேயே உட்கார்ந்தது. பின்னாலேயே இன்னொன்று தலையை நீட்டியது.

கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். ஆனால் இது யாருக்குச் சொந்தம், இதற்கு யார் பெயர் என்று இனி எவளும் வாதாட முடியாது. ஃபுமினோ மறு கையால் சட்டையைக் கழற்றினாள், இன்னும் எங்கெல்லாம் மேடு தட்டுகிறது என்று ஆசை ஆசையாகத் தடவிப் பார்க்க ஆரம்பித்தாள்.