இருமுகிறவனே கொலைகாரன்!

"ஐயோ... ரத்தம்!"

மூடிக் கிடந்த குடோனைத் திறந்தவர்கள் அலறிக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள்.

உள்ளே வாட்ச்மேன் மண்டை பிளந்து கிடந்தான். சுற்றிலும் கணுக்கால் உயரத்துக்குப் புறா எச்சம். அதில் இரண்டு பேர் கட்டிப் புரண்ட தடம்!

கைரேகை? இல்லை.

சாட்சி? அந்தப் புறாக்கள்தான்!

மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டருக்குச் சுகாதாரத் துறைப் பெண் ஒருத்தி வழி சொன்னாள். அந்த எச்சத்தில் வளரும் அபூர்வப் பூஞ்சையை மாதாமாதம் வந்து கண்காணிக்கிறவள்.

"சார், இந்தப் பூஞ்சை ஊர்ல வேற எங்கயும் இல்ல. அந்தத் தூசியை மூச்சு முட்ட இழுத்தவன் நெஞ்சுல இது போய் உக்காந்திருக்கும். கொஞ்ச நாள் போகட்டும்... இருமுவான்!"

"நீங்களும் உள்ள போறவங்கதானே மேடம்?"

"மாஸ்க் இல்லாம வாசப்படி தாண்ட மாட்டேன் சார்!"

சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமை ரொம்ப நாள் நிற்கவில்லை.

"லொக்... லொக்..."

இருமியது அவள் தம்பி! குடோனுக்கு எதிரே லாரி ஷெட்டில் மூட்டை தூக்குகிறவன். வாட்ச்மேனோடு சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டவன்!

"என்னடா இருமல்?"

"சும்மாக்கா... தூசி."

"எந்தத் தூசி?"

"போலீஸ்காரி மாதிரி நோண்டாத!"

முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்மா போனபின் அவள் சோறூட்டி வளர்த்த பிள்ளை. அந்தக் கையா...?

ஷெட்டில் எல்லோரிடமும் சோதனைக்குச் சளி வாங்கினாள். குடோனுக்குப் போய்வருகிற துறை ஊழியர் என்பதால் அவளும் கொடுக்க வேண்டும். தம்பியின் குப்பி வந்ததும் கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டாள்.

அவன் சளிக்குத் தன் பெயர். தன் சளிக்கு அவன் பெயர்!

கண்ணாடியைப் பார்க்காமலே வெளியே வந்தாள்.

ரிசல்ட் வந்தது. இன்ஸ்பெக்டர் விலங்கோடு வீட்டு வாசலில் நின்றார்.

"உங்க தம்பி சளியில பூஞ்சை இருக்கு மேடம்."

அது... என் சளி ஆச்சே!

"நான் உள்ளயே போகல சார்! அக்கா... சொல்லுக்கா!"

வாயைத் திறந்தால் வேலை போகும். மூடினால் தம்பி போவான்.

"சார்... அது என்னோடது. நான்தான் மாத்தி வச்சேன்."

"அப்போ இந்தக் கொலையில கூட்டாளி நீங்களா?"

விலங்கு திசை மாறியது!

"ஐயோ, இல்ல சார்! வேலைக்குப் போனதுக்கு அத்தாட்சியா, அங்க நின்னு முகம் தெரிய போட்டோ அனுப்பணும். மாஸ்க்கோட அனுப்பினா ஆப்சென்ட் போட்டுடுவாங்க. அதனால போட்டோவுக்கு மட்டும்... கழட்டுவேன்."

இன்ஸ்பெக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"உங்க பேர்ல வந்த சளி சுத்தம். அப்போ தம்பி சுத்தம்! ஷெட் மேஸ்திரி சளியிலயும் பூஞ்சை. திருட்டுச் சரக்கை குடோன்ல பதுக்கினதை வாட்ச்மேன் பாத்துட்டான், நான்தான் அடிச்சேன்னு ஒத்துக்கிட்டான். உங்க தம்பியும் கூட்டாளின்னு நெனச்சேன். மேடம்... நீங்க செஞ்சதை நான் மேல எழுதியாகணும்."

"எழுதுங்க சார்."

அவர் போய்விட்டார். அவள் தம்பியிடம் திரும்பினாள்.

"அப்புறம் எதுக்குடா அந்த இருமல்?"

"சிகரெட்டுக்கா. தெரிஞ்சா வருத்தப்படுவியேன்னு மறைச்சேன்." அவளை ஏறிட்டுப் பார்த்தான். "நீயே என்னைக் கொலைகாரன்னு நெனச்சிட்டியா?"

"...ஆமாடா."

தன்னை அவன் ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது. அவனோ அவள் செருப்பை எடுத்து முன்னால் போட்டான்.

"கிளம்பு, ஆஸ்பத்திரிக்கு. அவனவன் அக்கா தம்பி பேர்ல வீடு எழுதி வைப்பா... நீ சளியை எழுதி வச்சிருக்க!"