மேல, கீழ, இடது, வலது

எனக்கு வாய் நீளம் என்று அம்மா எப்போதும் திட்டுவார். திட்டட்டும். அந்த வாயை அன்றைக்கு நான் மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்கே தெரியும்.

கண்டி டவுனில் குண்டு வெடித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. எங்கள் மஹய்யாவையில் தமிழ் ஆட்கள் வெளியே போகவே பயந்தார்கள். ஆனாலும் அப்பா வேலைக்குக் கிளம்பினார். அவர் வீடியோ கேம் மெசின் திருத்துபவர். றலியா ராத்தாவின் கேம் கடையில் ஒரு ஜோய்ஸ்டிக் லொட லொடவென்று ஆடியது; அதன் அடியில் இருந்த நாலு சுவிட்சும் செத்துவிட்டன.

புது சுவிட்ச் நாலையும் பிஸ்கட் டின்னில் அடுக்கிக் கொடுத்தது நான்தான். சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்க்க, பற்றரியையும் வயரையும் குட்டி பல்பையும் சேர்த்துக் கட்டி வைத்ததும் நான்தான்.

பத்து மணிக்கு றலியா ராத்தா மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"மலரு, அம்மா எங்க? அப்பாவ செக்பொயின்ட்ல புடிச்சிட்டாங்க! டின்னுக்குள்ள குண்டு சாமான் இருந்திச்சாம்!"

என் டின்!

மூவரும் பொலிசுக்கு ஓடினோம். அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. இன்ஸ்பெக்டரின் மேசையில் டின் திறந்து கிடந்தது.

"மாத்தயா, அதக் கட்டினது நான்தான்," என்றேன் சிங்களத்தில்.

அம்மா என் வாயைப் பொத்தினார். நான் கையைத் தள்ளிவிட்டேன்.

"நாலு சுவிட்ச் எதற்கு?" என்று இன்ஸ்பெக்டர் உறுமினார்.

"மேல, கீழ, இடது, வலது! கேம் மெசின்ல பூட்டிக் காட்டவா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பூட்டு. மெசின் வேலை செய்யாவிட்டால் உன் அப்பாவைக் கொழும்புக்கு அனுப்புவேன்."

அப்படிக் கொழும்புக்குக் கொண்டுபோன பக்கத்து வீட்டு அண்ணன் இன்னும் வரவில்லை.

கடைக்கு ஜீப்பில் போனோம். நான் பல்பை எடுத்ததும் ஒரு பொலிஸ்காரர் வாசலுக்குப் பாய்ந்துவிட்டார். பழைய சுவிட்சில் வயரை வைத்து அழுத்தினேன். பல்பு எரியவில்லை. புதியதில் எரிந்தது. பிறகு மெசினுக்கு அடியில் படுத்து, நாலு சுவிட்சையும் மாட்டி வயர்களைச் செருகினேன்.

"இப்ப ஆட்டிப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் ஜோய்ஸ்டிக்கை இடது பக்கம் சாய்த்தார். திரையில் விமானம் வலது பக்கம் போனது. மேலே தள்ளினார். கீழே போனது.

"பொய்!" என்று கத்தினார். வாசலில் அம்மா அழத் தொடங்கினார்.

ஐயோ, மடச்சி! தண்டை இடது பக்கம் சாய்த்தால் அதன் அடி வலது பக்கம்தானே போகும்? வலப்பக்கச் சுவிட்சுக்குத்தான் இடது வயரைக் கொடுக்க வேண்டும். அப்பா நூறு தடவை சொல்லியிருக்கிறார்.

"ஒரு நிமிசம் மாத்தயா, ஒரே ஒரு நிமிசம்!"

திரும்பவும் படுத்தேன். இடதை வலதுக்கும் மேலதைக் கீழுக்கும் மாற்றிச் செருகினேன். கை வியர்த்து இரண்டு தடவை வயர் வழுக்கியது.

இன்ஸ்பெக்டர் இடது பக்கம் சாய்த்தார். விமானம் இடது பக்கம் போனது. மேலே, கீழே, வலது, எல்லாம் சரி. அவர் விடாமல் ஆட்டினார். விமானம் மூன்று தடவை வெடித்தது.

"மாத்தயாவுக்கு விளையாடத் தெரியல," என்றேன்.

றலியா ராத்தா என்னை நறுக்கென்று கிள்ளினார். இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

நாலு மணிக்கு அப்பாவை விட்டார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவருடைய வலது கை முழங்கை வரை வீங்கியிருந்தது.

வீட்டில் அம்மா சோறும் பருப்பும் போட்டுத் தந்தார். நான் பிசைந்து ஊட்டினேன்.

"உதடு எரியுதாப்பா?"

"இல்லடா."

பச்சைப் பொய். ஒவ்வொரு வாய்க்கும் அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் தட்டில் ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கவில்லை.